பூஜ்யத்துக்கு எத்தனை அர்த்தம்? எம்கியூடிடி நூலகத்துக்குப் போக்குவரத்து இடைமுகம் எழுதும் முறை

சென்சார் கருவி புரோக்கரோடு, அதாவது செய்திகளை வாங்கி உரியவர்களுக்கு அனுப்பும் நடுச் சர்வரோடு, இணைகிறது. முதல் செய்தி போய்ச் சேர்கிறது. சரியாக ஒன்றரை நிமிடத்தில் இணைப்பு அறுந்துவிடுகிறது. இன்னொரு கருவியில் இணைந்த மறுநொடியே அறுகிறது. மூன்றாவதில் எதிர்முனை எப்போதோ இணைப்பை மூடிவிட்டது; கருவிக்கு அது தெரியாமல் காத்துக்கொண்டே இருக்கிறது. மூன்றும் தனித்தனிக் கோளாறுகளாகத் தோன்றும். வைஃபை மேலும் புரோக்கர் மேலும் பழி விழும். பெரும்பாலும் மூன்றுக்கும் வேர் ஒன்றுதான்: எம்கியூடிடி (சிறு கருவிகள் செய்தி பரிமாறப் பயன்படும் நெறிமுறை) நூலகத்துக்கும் வலையமைப்புக்கும் நடுவே நாமே எழுதிச் செருகும் முப்பது, நாற்பது வரி நிரல். அதைத்தான் போக்குவரத்து இடைமுகம் என்கிறோம்.

சி மொழியில் எழுதப்பட்டு, சிறு கருவிகளில் பரவலாகப் பயன்படும் கோர்எம்கியூடிடி நூலகத்தை வைத்து அந்த நாற்பது வரிகளைப் பார்ப்போம். மற்ற நூலகங்களில் பெயர்கள் மாறும். சிக்கல்கள் மாறாது.

எம்கியூடிடி கீழே இருப்பவரிடம் கேட்பது என்ன

எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிக்க 1999-ல் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க், ஆர்லன் நிப்பர் இருவரும் வடிவமைத்த நெறிமுறை இது. அலைவரிசைக்குக் காசு அதிகம் என்பதால் ஒவ்வொரு பைட்டையும் எண்ணிச் செலவழிக்கும்படி செய்தார்கள். 3.1.1 பதிப்பு 2014-ல் ஓயாசிஸ் அமைப்பின் தரநிலையானது, 5.0 பதிப்பு 2019-ல் வந்தது.

கீழ் அடுக்கிடம் தரநிலை கேட்பது மூன்று: பைட்டுகள் வரிசை மாறக்கூடாது, தொலையக்கூடாது, இரு திசையிலும் போக வேண்டும். இணையத்தில் பைட்டுகளைக் கொண்டுசெல்லும் டிசிபி முறை இதைத் தரும். வெறும் யுடிபி தராது. வழக்கமான போர்ட் 1883; டிஎல்எஸ் என்ற மறையாக்கப் பூட்டு போட்டால் 8883.

ஒவ்வொரு பாக்கெட்டின் முதல் பைட்டில் மேல் நான்கு பிட் பாக்கெட்டின் வகையைச் சொல்லும், கீழ் நான்கு பிட் கொடிகள். அடுத்து வருவது மீதி நீளம். அது 1 முதல் 4 பைட் வரை பிடிக்கும். ஒவ்வொரு பைட்டிலும் 7 பிட் எண்ணுக்கு. எட்டாவது பிட் ‘இன்னும் இருக்கிறது’ என்பதற்கு. 127 வரை ஒரு பைட் போதும். 321 என்றால் 193, 2 என்று இரண்டு பைட் (65-ஓடு தொடர்ச்சிப் பிட்டின் 128 சேர்ந்து 193; பிறகு 2 × 128 = 256; 65 + 256 = 321). நான்கு பைட்டில் 26,84,35,455 வரை சொல்லலாம். ‘உயிரோடு இருக்கிறாயா’ என்று கேட்கும் பிங் கேள்வி 192, 0 என்ற இரண்டே பைட். பதில் 208, 0.

இங்கே கவனிக்க வேண்டியது, பாக்கெட் எங்கே தொடங்குகிறது என்று காட்டும் அடையாளம் எதுவும் ஓடையில் கிடையாது. எண்ணிக்கை மட்டும்தான் வழிகாட்டி. ஒரே ஒரு பைட் கூடினாலோ குறைந்தாலோ அதற்குப் பிறகு படிப்பதெல்லாம் குப்பை, திரும்பிச் சேரவும் வழியில்லை. இணைப்பை மூடிவிட்டுப் புதிதாகத் தொடங்குவதுதான் மருந்து. கீழே வரும் விதிகளில் பாதி இதிலிருந்துதான் பிறக்கின்றன.

நூலகத்துக்கு நாம் கொடுக்க வேண்டியவை

கோர்எம்கியூடிடிக்குள் சாக்கெட் (இயங்குதளம் தரும் வலையிணைப்பு முனை) இல்லை, டிஎல்எஸ் இல்லை, நினைவகத்தை ஓட்டத்தின் நடுவே கேட்டு வாங்கும் வேலையும் இல்லை. அதனால்தான் எந்தச் சில்லிலும் ஏறுகிறது. தொடங்கும்போது அது வெளியிலிருந்து வாங்கிக்கொள்பவை:

1. ரிசீவ் ஃபங்ஷன். ‘இந்த பஃபரில் (தற்காலிகச் சேமிப்பிடத்தில்) இத்தனை பைட் வரை நிரப்பு’ என்று கேட்கும்.
2. சென்ட் ஃபங்ஷன். ‘இத்தனை பைட்டை அனுப்பு’ என்று கேட்கும்.
3. ரைட்வி ஃபங்ஷன். பல துண்டுகளை ஒரே அழைப்பில் அனுப்ப உதவும். விருப்பமிருந்தால் தரலாம்.
4. நெட்வொர்க் கான்டெக்ஸ்ட். சாக்கெட் எண், டிஎல்எஸ் நிலை போன்றவற்றை நாம் வைத்துக்கொள்ளும் பை. நூலகம் இதைத் திறந்து பார்க்காது. ஒவ்வொரு அழைப்பிலும் நம்மிடமே திருப்பிக் கொடுக்கும்.
5. மில்லிவிநாடியில் நேரம் சொல்லும் ஃபங்ஷன்.
6. நிலையான அளவுள்ள ஒரு பஃபர்.

இணைப்பைத் திறப்பதும் மூடுவதும் இந்தப் பட்டியலில் இல்லை. டிசிபி இணைப்பு, டிஎல்எஸ் கைகுலுக்கல் எல்லாம் முடிந்த பிறகுதான் எம்கியூடிடி கனெக்ட்டை அழைக்க வேண்டும். அதுபோல எம்கியூடிடி டிஸ்கனெக்ட் ஒரு விடைபெறும் பாக்கெட்டை மட்டும் அனுப்பும், சாக்கெட்டை மூடாது. மூட மறந்த நிரல் ஒவ்வொரு மறுஇணைப்பிலும் ஒரு சாக்கெட்டைக் கசியவிடும். எட்டு, பத்து சாக்கெட்டே உள்ள கருவியில் அது எட்டாவது, பத்தாவது மறுஇணைப்பில் வந்து நிற்கும்.

திரும்பிவரும் எண்ணின் பொருள்

ரிசீவ், சென்ட் இரண்டும் ஒரு முழு எண்ணைத் திருப்பித் தருகின்றன. நூலகம் அதை இப்படிப் படிக்கும்:

1. மிகை எண்: இத்தனை பைட் வந்தது, அல்லது போனது. கேட்டதைவிடக் குறைவாக இருந்தாலும் தவறில்லை.
2. பூஜ்யம்: பிழை இல்லை, இப்போது எதுவும் நடக்கவில்லை, பிறகு கேள்.
3. குறை எண்: இணைப்பு கெட்டுவிட்டது.

எளிதாகத்தான் தெரிகிறது. சிக்கல் என்னவென்றால் கீழே இருக்கும் ஒவ்வொரு அடுக்கும் பூஜ்யத்துக்கு வேறு பொருள் வைத்திருக்கிறது.

லினக்ஸ் உள்ளிட்ட போசிக்ஸ் அமைப்புகளில் சாக்கெட் ரிசீவ் பூஜ்யம் தந்தால் எதிர்முனை தன் பக்கத்தை முறையாக மூடிவிட்டது என்று பொருள். தரவு இல்லை என்பதற்கு அங்கே குறை ஒன்று (-1) வரும்; காரணம் எர்நோ என்ற மாறியில் ஈ-அகெய்ன் அல்லது ஈ-வுட்பிளாக் என்று இருக்கும். நூலகம் எதிர்பார்ப்பதற்கு இது நேர் தலைகீழ். ஆகவே இங்கே இரண்டு மாற்றமும் கட்டாயம்: பூஜ்யம் வந்தால் குறை எண்ணாக்க வேண்டும், ஈ-அகெய்ன், ஈ-வுட்பிளாக், சிக்னல் குறுக்கிட்டதைச் சொல்லும் ஈ-இன்டர் மூன்றையும் பூஜ்யமாக்க வேண்டும்.

சிறு சில்லுகளுக்கான ஃப்ரீஆர்டிஓஎஸ் இயங்குதளத்தின் டிசிபி நூலகமான ஃப்ரீஆர்டிஓஎஸ் பிளஸ் டிசிபியில் கதையே வேறு. அங்கே ரிசீவ் பூஜ்யம் தந்தால் காத்திருக்கும் நேரம் முடிந்தது, தரவு வரவில்லை என்றுதான் பொருள். இணைப்பு மூடப்பட்டால் குறை எண் வரும். ரிசீவ் பக்கம் மாற்றம் எதுவும் தேவையில்லை. ஆனால் சென்ட் பக்கம் ஒரு பொறி இருக்கிறது: அனுப்பும் பஃபரில் இடம் இல்லையென்றால் ஈ-நோ-ஸ்பேஸ் என்ற குறை எண் வரும். அதைப் பூஜ்யமாக்காவிட்டால் கொஞ்சம் நெரிசல் ஏற்பட்டதுமே நூலகம் இணைப்பு செத்துவிட்டதாக முடிவு கட்டிவிடும்.

லினக்ஸில் எழுதிச் சோதித்த நிரலை அப்படியே ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸுக்கு நகர்த்தினால் பூஜ்யம் குறை எண்ணாகிவிடும். இணைந்த மறுநொடியே அறுவது இதனால்தான். எதிர்த்திசையில் நகர்த்தினால், மூடப்பட்ட இணைப்பு ‘தரவு இல்லை’ என்று தெரியும். அந்நிலையில் நூலகத்தின் பிங் மட்டுமே காப்பாற்றும். நாம் திரும்பத் திரும்ப அழைக்க வேண்டிய நூலக ஃபங்ஷன்களில், பிங்கைத் தானே கவனிக்கும் பிராசஸ்லூப்புக்குப் பதிலாக, அதைக் கவனிக்காத ரிசீவ்லூப்பைப் பயன்படுத்தி, பிங்கை நாமும் அனுப்பாமல் விட்டால் அதுவும் இல்லை. முடிவில்லாத காத்திருப்புதான்.

காத்து நிற்கும் ரிசீவ்

ஒன்றரை நிமிடக் கணக்கு எங்கிருந்து வருகிறது? கீப் அலைவ் என்பது கருவி தானே அறிவிக்கும் வாக்குறுதி: ‘இத்தனை விநாடிக்குள் ஏதேனும் ஒரு பாக்கெட் அனுப்புவேன்.’ அந்த நேரத்தின் ஒன்றரை மடங்குக்குள் ஒன்றும் வராவிட்டால் புரோக்கர் இணைப்பை அறுக்க வேண்டும் என்பது தரநிலை. 60 விநாடி என்று அறிவித்தால் 90-வது விநாடியில் வெட்டு.

சொல்ல வேறு எதுவும் இல்லாத நேரத்தில் பிங் அனுப்பி வாக்கைக் காப்பது பிராசஸ்லூப்பின் வேலை. ஆனால் அது முதலில் நம் ரிசீவை அழைக்கிறது. நம் ரிசீவ் தரவு வரும்வரை நகராமல் நின்றால் பிங் அனுப்பும் வரிக்கு நிரல் வந்தே சேராது. புரோக்கரிடமிருந்து செய்திகள் அடிக்கடி வரும்போது இந்தப் பிழை ஒளிந்துகொள்ளும். இரவில் ஓடை அமைதியானதும் வெளிப்படும்.

ரிசீவ் உடனே திரும்ப வேண்டும், அல்லது 10 முதல் 100 மில்லிவிநாடி வரை மட்டும் காத்திருக்க வேண்டும். லினக்ஸில் ரிசீவ் காத்திருப்பு நேரத்தைச் சாக்கெட் அமைப்பாகவே வைக்கலாம். ஆனால் அங்கே 0 என்று வைத்தால் காத்திருக்காதே என்று பொருளல்ல, முடிவில்லாமல் காத்திரு என்று பொருள். பூஜ்யம் இங்கும் ஒருமுறை ஏமாற்றுகிறது.

இன்னொரு நுட்பம், நூலகத்தின் 2-ஆம் பதிப்புக்கு மாறியவர்களைத் தாக்குவது. முதல் பதிப்பு தலைப்பை ஒவ்வொரு பைட்டாகப் படித்து நீளத்தை அறிந்துகொண்டு, மீதியைச் சரியாக அவ்வளவே கேட்கும். அதனால் ‘கேட்ட அளவு முழுதும் வரும்வரை சுற்று’ என்று எழுதப்பட்ட ரிசீவ்கூட அங்கே ஓடிவிடும். 2-ஆம் பதிப்பின் பிராசஸ்லூப் பஃபரில் காலியாக உள்ள இடம் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கேட்கிறது. 1,024 பைட் கேட்கும். வருவது 2 பைட் பிங் பதில். முழுதும் நிரம்பட்டும் என்று சுற்றும் ரிசீவ் மீதி 1,022 பைட்டுக்காக உறைந்து நிற்கும். கிடைத்ததைக் கொண்டு உடனே திரும்பு என்பதே சரியான விதி.

அரைகுறை பாக்கெட்டைச் சேர்த்துவைப்பது நூலகத்தின் பொறுப்பு. அப்போது பிராசஸ்லூப் ‘இன்னும் பைட் தேவை’ என்ற நிலையைத் திருப்பித் தரும். அது பிழை அல்ல. மறுபடி அழைத்தால் போதும். வெற்றி அல்லாத எந்த நிலை வந்தாலும் இணைப்பை மூடு என்று எழுதியவர்கள் பெரிய செய்தி வரும்போதெல்லாம் அறுபடுவதைப் பார்ப்பார்கள்.

அனுப்பும் பக்கம்

சென்ட் 500 பைட்டில் 200 மட்டும் போனது என்று சொல்லலாம். நூலகம் மீதி 300-க்காகத் திரும்ப அழைக்கும். நாமே உள்ளே சுற்றி முழுதும் அனுப்பிவிட முயல வேண்டாம். நடுவில் பிழை வந்தால் எத்தனை போனது என்ற கணக்கு தொலைந்துவிடும். அனுப்ப முடியாமல் தவிக்கும் நேரத்துக்கு நூலகத்தில் ஒரு வரம்பு உண்டு. இயல்பாக 20,000 மில்லிவிநாடி. அந்த வரம்பு முடிந்தும் பாக்கெட் பாதியில் நின்றால் அந்த இணைப்பைத் தொடரக்கூடாது. புரோக்கர் மீதிப் பாதிக்குக் காத்திருக்கிறது. நாம் அடுத்து அனுப்பும் பாக்கெட்டை அந்த மீதியாக எடுத்துக்கொள்ளும். மூடுங்கள், மறுபடி இணையுங்கள்.

லினக்ஸில் எதிர்முனை மூடிய சாக்கெட்டில் எழுதினால் சிக்-பைப் என்ற சிக்னல் வந்து நிரலையே கொன்றுவிடும். அந்தச் சிக்னலைப் புறக்கணிக்கும்படி தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

சென்ட் வெற்றி என்றால் புரோக்கருக்குப் போய்ச் சேர்ந்தது என்று பொருளல்ல. இயங்குதளத்தின் பஃபருக்குள் போனது என்றே பொருள். வழியில் கம்பி அறுந்திருந்தால் லினக்ஸ் இயல்பு அமைப்பில் மீண்டும் மீண்டும் அனுப்பிப் பார்த்துக் கைவிட 15 நிமிடத்துக்கு மேல் ஆகும். அதுவரை சென்ட் உற்சாகமாக வெற்றி சொல்லும். பிங்குக்கு 5,000 மில்லிவிநாடிக்குள் பதில் வராவிட்டால் கீப் அலைவ் தோல்வி என்று நூலகம் அறிவிப்பது இதற்காகத்தான். அந்த எண்ணைச் செயற்கைக்கோள் அல்லது மெதுவான செல்பேசி இணைப்புக்கு உயர்த்தலாம், நீக்கக்கூடாது.

ரைட்வி தராவிட்டாலும் எல்லாம் ஓடும், ஆனால் துண்டுதுண்டாக. உறுதி நிலை 1-ல் (செய்தி குறைந்தது ஒருமுறையாவது சேரும் என்ற நிலை) ஒரு செய்தியை வெளியிடும்போது தலைப்பு, டாபிக் (செய்தியின் முகவரிப் பெயர்), பாக்கெட் எண், உள்ளடக்கம் என்று நான்கு துண்டு. நான்கு முறை சென்ட் அழைக்கப்படும். டிஎல்எஸ் இருந்தால் நான்கும் நான்கு தனி ரெக்கார்டு (தனித்தனியாகப் பூட்டிய பொட்டலம்). டிஎல்எஸ் 1.2-ல் ஏஇஎஸ்-ஜிசிஎம் முறையில் ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் 5 பைட் தலைப்பு, 8 பைட் நான்ஸ் (ஒருமுறை மட்டும் பயன்படும் எண்), 16 பைட் சரிபார்ப்பு முத்திரை என 29 பைட் கூடுதல். 20 பைட் வெப்பநிலை அளவைச் சொல்ல 116 பைட் உறை. ரைட்விக்குள் துண்டுகளை ஒரு சிறு பஃபரில் ஒட்டி ஒரே முறை டிஎல்எஸ்ஸுக்குக் கொடுத்தால் 29-லேயே முடிந்துவிடும். மின்கலத்தில் ஓடும் கருவிக்கு இது சின்ன விஷயமல்ல.

டிஎல்எஸ் நடுவில் வந்தால்

இப்போது ஒப்பந்தம் இரண்டாகிறது: சாக்கெட்டுக்கும் டிஎல்எஸ்ஸுக்கும் ஒன்று, டிஎல்எஸ்ஸுக்கும் எம்கியூடிடிக்கும் ஒன்று. எம்பெட் டிஎல்எஸ் நூலகத்தில் மேல் பக்கம் இப்படி மொழிபெயர்க்க வேண்டும்:

1. வான்ட்-ரீட் (இன்னும் படிக்க வேண்டும்), வான்ட்-ரைட் (இன்னும் எழுத வேண்டும்), டைம்அவுட்: மூன்றும் குறை எண்கள், மூன்றுமே பிழை அல்ல. பூஜ்யமாக்குக. எழுதும்போது வான்ட்-ரீடும் படிக்கும்போது வான்ட்-ரைட்டும் வரலாம் என்பதால் இரு ஃபங்ஷனிலும் இரண்டையும் கவனிக்க வேண்டும்.
2. டிஎல்எஸ் 1.3-ல் புதிய செஷன் டிக்கெட் வந்தது என்ற அறிவிப்பும் சில பதிப்புகளில் குறை எண்ணாகவே வரும். அதுவும் பூஜ்யம்தான். இதை விட்டுவிட்டு, 1.2-ல் ஓடிய நிரல் 1.3-க்கு மாறியதும் ஏன் அறுகிறது என்று பலர் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள்.
3. எதிர்முனை விடைபெற்றது என்ற அறிவிப்பு, அல்லது ரீட் தரும் பூஜ்யம்: முடிவு. குறை எண்ணாக்குக.
4. வேறு எந்தக் குறை எண்ணும்: அப்படியே மேலே அனுப்புக.

ரைட் பாதியில் நின்றால் அடுத்த அழைப்பிலும் அதே பைட்டுகளை, அதே நீளத்தோடு தர வேண்டும் என்பது டிஎல்எஸ் நூலகத்தின் நிபந்தனை. ஒட்டும் பஃபர் வைத்திருப்பவர்கள் அது முழுதும் போகும்வரை அதன் மேல் புதிதாக எதையும் எழுதக்கூடாது.

இந்த அடுக்கில் கண்டுபிடிக்க மிகக் கடினமான கோளாறு வேறொன்று. சாக்கெட்டில் தரவு இருக்கிறதா என்று போல் அல்லது செலக்ட் மூலம் பார்த்து, இல்லையென்றால் பூஜ்யம் தந்து திரும்பும் ரிசீவ். சாதா டிசிபியில் இது சரி. டிஎல்எஸ் ஒரு ரெக்கார்டை முழுதாகத்தான் பிரிக்கும். அதில் 16,384 பைட் வரை இருக்கலாம். நாம் கேட்டது 1,024 என்றால் மீதி டிஎல்எஸ்ஸின் வயிற்றுக்குள் பிரித்தபடியே இருக்கும். சாக்கெட் காலி, ஆகவே போல் ‘ஒன்றுமில்லை’ என்கிறது. அடுத்த செய்தி வந்து சாக்கெட்டை எழுப்பும்வரை முந்தைய செய்தி உள்ளேயே உறங்கும். ஒவ்வொரு செய்தியும் ஒரு சுற்று தாமதமாக வருகிறது என்று புகார் வந்தால் முதலில் இங்கே பாருங்கள். போல் செய்வதற்கு முன், பிரித்த பைட் உள்ளே மிச்சம் உண்டா என்று டிஎல்எஸ்ஸிடமே கேட்க வேண்டும். எம்பெட் டிஎல்எஸ்ஸிலும் ஓப்பன்எஸ்எஸ்எல்லிலும் அதற்கென்றே ஃபங்ஷன் இருக்கிறது.

கடிகாரமும் பஃபரும்

நேரம் சொல்லும் ஃபங்ஷன் 32 பிட் மில்லிவிநாடி. ஏறத்தாழ 49.7 நாளில் சுற்றித் திரும்பிப் பூஜ்யமாகும். நூலகம் குறியில்லாக் கழித்தலால் அதைச் சமாளிக்கும், நாம் எதுவும் செய்ய வேண்டாம். ஆனால் விநாடியையோ ஆர்டிஓஎஸ் டிக் (இயங்குதளக் கடிகாரத் துடிப்பு) எண்ணிக்கையையோ அப்படியே திருப்பித் தந்தால் எல்லா வரம்பும் கோணலாகும். விநாடி தந்தால் பிங் ஆயிரம் மடங்கு தாமதிக்கும். புரோக்கர் அதற்கு முன்பே வெட்டிவிடும். அறிகுறி, காத்து நிற்கும் ரிசீவைப் போலவே 90 விநாடி. ஆகவே இரண்டையும் சோதியுங்கள்.

பஃபரைவிடப் பெரிய பாக்கெட் வந்தால் நூலகம் அதைப் படித்துக் கீழே கொட்டிவிடும். ஓடையின் எண்ணிக்கை தப்பாது, ஆனால் செய்தி நம் நிரலுக்கு வராது. பதிவேட்டைத் திறந்து வைத்திருந்தால் மட்டுமே தெரியும்.

எப்படிச் சோதிப்பது

மேசையில் ஒரே வலையமைப்பில் மொஸ்கிட்டோ புரோக்கரை வைத்துச் சோதித்தால் மேலே சொன்ன எதுவுமே வெளிப்படாது. எல்லாம் முழுசாக, உடனே வந்துவிடும். வேண்டுமென்றே கெடுக்க வேண்டும்.

1. நடுவே ஒரு சிறு நிரலை வைத்துப் புரோக்கரின் பதிலை ஒவ்வொரு பைட்டாக, 50 மில்லிவிநாடி இடைவெளியில் அனுப்புங்கள். இணைப்பு நிலைக்க வேண்டும்.
2. இரண்டு பாக்கெட்டை ஒட்டி ஒரே துண்டாக அனுப்புங்கள். டிஎல்எஸ்ஸோடும் இல்லாமலும். இரண்டும் உடனடியாக வர வேண்டும்.
3. புரோக்கரை முறைப்படி நிறுத்துங்கள். அடுத்த ரிசீவிலேயே குறை எண் வர வேண்டும்.
4. நிறுத்தாமல் ஃபயர்வாலில் பாக்கெட்டுகளைச் சத்தமில்லாமல் கைவிடும் விதி போடுங்கள். பிங்குக்கான வரம்பு முடிந்ததும் கீப் அலைவ் தோல்வி வர வேண்டும். அதற்கு முன்பும் கூடாது, 15 நிமிடம் கழித்தும் கூடாது.
5. எதிர்முனை படிப்பதை நிறுத்தட்டும். நாம் தொடர்ந்து அனுப்பிப் பஃபரை நிரப்புவோம். சென்ட் பூஜ்யம் தர வேண்டும்; 20 விநாடி வரம்பில் நூலகம் கைவிட்ட பிறகு நம் நிரல் சாக்கெட்டை மூடியதா என்று திறந்திருக்கும் சாக்கெட் எண்ணிக்கையைப் பாருங்கள்.
6. கீப் அலைவை 10 விநாடியாக்கி, எந்தச் செய்தியும் இல்லாமல் ஓர் இரவு விடுங்கள். காலையில் புரோக்கர் பதிவேட்டில் அந்தக் கருவியின் பெயரில் ஒரே ஒரு இணைப்பு வரிதான் இருக்க வேண்டும்.